வண்டி சார்ஜ் ஏறவில்லையா? முதலில் வீட்டைப் பாருங்கள்

காரைக்குடியில் வயரிங் வேலை பார்க்கிறேன். மின்சார ஸ்கூட்டரும் காரும் இந்தப் பக்கம் பெருகியதிலிருந்து எனக்கு வரும் போனில் பாதி, "தம்பி, வண்டி சார்ஜ் ஏறலைப்பா" என்றுதான் தொடங்குகிறது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வண்டி நல்லாத்தான் இருக்கும். கோளாறு வீட்டில் இருக்கும்.

பேட்டரிக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாங்கள் சிக்ரி என்று சொல்வது, இங்கேதான் இருக்கிறது. உள்ளே லித்தியம் பேட்டரியில் ஆராய்ச்சி நடக்கிறது. வெளியே நாங்கள் தாத்தா காலத்து வயரிங்கில் அதே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் போடப் பார்க்கிறோம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. உங்கள் வண்டியையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு, புதிதாகக் கட்டிய வீடு ஒன்றில் செருகிப் பாருங்கள். அங்கே ஏறினால் உங்கள் வீட்டு வயரிங்கைப் பாருங்கள். அங்கேயும் ஏறாவிட்டால் அதே மாடல் வைத்திருக்கிறவரிடம் சார்ஜரைக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அப்போது ஏறினால் சார்ஜர் கோளாறு, அதற்கும் ஏறாவிட்டால்தான் வண்டி. சர்வீஸ் சென்டருக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் முன் இந்த அரை மணி நேரத்தைச் செலவழித்துவிடுங்கள்.

செருகினால் சார்ஜ் தொடங்கவே இல்லை, அல்லது சிவப்பு விளக்கு எரிகிறது

முதலில் போனை எடுத்து வண்டியின் ஆப்பில் டைமர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். தேவகோட்டைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போய், மெயினிலிருந்து சாக்கெட் வரை கழற்றி மாட்டிய பிறகு, அந்த வீட்டுப் பேரன் "ராத்திரி பன்னெண்டுக்கு மேலதான் ஏறும்னு நான் செட் பண்ணி வச்சேன்" என்று சொன்னான். டைமர் போட்டிருந்தால் சிவப்பு எரியாது, சும்மா காத்திருக்கும். சிவப்பு எரிந்தால் பத்துக்கு எட்டு இடத்தில் எர்த் இல்லை என்று அர்த்தம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வயரிங் தேக்கு மரக் கேசிங்குக்குள் ஓடும். அதன் மேல் மூடியைத் திறந்தால் இரண்டே கம்பி: பேஸ், நியூட்ரல். மூன்றாவது கம்பியே கிடையாது. பிறகு யாரோ மூன்று ஓட்டை சாக்கெட்டை மாட்டியிருப்பார்கள். மேல் ஓட்டை வெறும் ஓட்டைதான், பின்னால் ஒன்றும் கட்டியிருக்காது. மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் அதைக் கேட்பதில்லை, ஓடிவிடும். கார் சார்ஜர் அப்படியில்லை. செருகியதும் முதலில் எர்த் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, இல்லையென்றால் கரண்டை வண்டிக்குள் விடாது. அதுதான் அந்தச் சிவப்பு விளக்கு. அது உங்களைக் காப்பாற்றுகிறது.

வயர்மேனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 பக்கம் வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பேஸ்–எர்த் 90, 110 என்று ஆடினால் எர்த் கம்பி அந்தரத்தில் தொங்குகிறது. நியூட்ரல்–எர்த் 10, 15 என்று வந்தால் எர்த் குழி காய்ந்துவிட்டது, அல்லது நியூட்ரலில் எங்கோ லூஸ் கனெக்‌ஷன்.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். துருப்பிடித்த எர்த்கூட மீட்டரில் 230 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. நான் 100 வாட்ஸ் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்துப் பார்ப்பேன். பேஸ்–நியூட்ரலில் எரிகிற அளவு பளிச்சென்று எரிந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது. மங்கலாக, இழை மட்டும் சிவந்து தெரிந்தால் குழியைத் தோண்டும் வேலை வந்துவிட்டது. வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் பல்பு வைத்ததும் அது விழும், விழத்தான் வேண்டும். இந்தப் பல்பு வேலை வயர்மேனுக்கு மட்டும். யூடியூப் பார்த்து நீங்கள் செய்யாதீர்கள்.

எர்த் குழி போடும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மண் செம்மண்ணும் சரளையும். சித்திரை வைகாசியில் எலும்பாகக் காய்ந்துவிடும், காய்ந்த மண் கரண்டைக் கடத்தாது. முகப்பு ஓரமாக, கண்ணில் படாத இடத்தில் குழி போடச் சொல்வார்கள். நான் கிணற்றடியைக் கேட்பேன். பாத்திரம் கழுவும் தண்ணீர் எப்போதும் ஊறும் இடம், அதைவிட நல்ல எர்த் வேறு எங்கும் கிடைக்காது. ஜிஐ பைப், கரி, உப்பு போட்ட பழைய முறை இன்றும் போதும். ஆனால் உப்பு அந்தப் பைப்பையே தின்னும். ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை கிளாம்ப் போட்ட இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். கோடையில் வாரம் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

இனி சொல்லப்போவது முக்கியம். எர்த் இல்லாத சாக்கெட்டில் சார்ஜரை ஏமாற்ற ஒரு குறுக்கு வழி உண்டு. சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயரைப் போட்டுவிடுவது. சார்ஜர் பச்சையாகிவிடும், வந்தவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் ஸ்கூட்டர் ஸ்டாண்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். டெஸ்டரை வண்டியின் ஃபுட்ரெஸ்ட் கம்பியில் வைத்தேன், எரிந்தது. சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே மூன்று அங்குலத்தில் ஒரு கறுப்பு வயர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பாலம். ஐப்பசி மழையில் மீட்டருக்கு வரும் நியூட்ரல் கம்பி லூஸாகியிருந்தது. நியூட்ரல் விட்டுப்போனால் வீட்டில் எரிகிற பல்பு, ஓடுகிற ஃபேன் வழியாக வரும் கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அந்தத் துண்டு வயர் வழியாக வண்டியின் உடம்பில் வந்து நிற்கும். தொட்டவர் செருப்புப் போட்டிருந்தார், கை உதறியதோடு போயிற்று. உங்கள் சாக்கெட்டில் அப்படி ஒரு துண்டு இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வண்டி ஒரு வாரம் சார்ஜ் இல்லாமல் நின்றாலும் பரவாயில்லை.

சாயங்காலம் போட்டால் விட்டு விட்டு நிற்கிறது, விடியற்காலை ஒழுங்காக ஏறுகிறது

லோ வோல்டேஜ். ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை தெருவே ஏசி, மோட்டார், கிரைண்டர் என்று இழுக்கும்போது டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டுக்கு 190, 195 வோல்ட்தான் வந்து சேரும். உங்கள் சார்ஜரின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 'இன்புட்' என்ற வரியில் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள். கீழ் எண்ணுக்குக் கீழே இறங்கியதும் சார்ஜர் நின்றுவிடும், ஏறியதும் மறுபடி தொடங்கும்.

ஆனால் தெருவுக்கே 195 வருகிறது, பக்கத்து வீட்டு வண்டி ஏறுகிறது, உங்களுடையது மட்டும் நிற்கிறது என்றால்? அங்கேதான் செட்டிநாட்டு வீட்டின் நீளம் வருகிறது.

நம் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறவை. ஈபி மீட்டர் முகப்பில். கார் நிற்பது பின்தெருக் கொட்டகையில். நடுவில் வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் கயிறு போட்டு அளந்தேன், மீட்டரிலிருந்து கார் ஷெட் வரை 50 மீட்டர். கரண்ட் போக 50, வர 50, ஆக 100 மீட்டர் கம்பி. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கனமுள்ள செம்புக் கம்பி 100 மீட்டருக்கு முக்கால் ஓம் தடை. கார் சார்ஜர் 15 ஆம்ப்ஸ் இழுத்தால் 11 வோல்ட் கம்பியிலேயே காணாமல் போகும். அந்த வீட்டில் இருந்ததோ 1.5 ஸ்கொயர். அதில் 18 வோல்ட் போகும். முகப்பில் 195, கொட்டகையில் 177. சார்ஜர் எப்படி நிற்காமல் இருக்கும்?

போன வோல்ட் சும்மா போவதில்லை, சூடாகிறது. 2.5 ஸ்கொயரிலேயே இந்தக் கணக்கில் 160 வாட்ஸுக்கு மேல் சுவருக்குள் அடுப்பாக எரிகிறது. ஒன்பது மணி நேரம் சார்ஜ் போட்டால் ஒன்றரை யூனிட் உங்கள் காசில் சுவருக்குப் போகிறது. இதே தூரத்துக்கு 6 ஸ்கொயர் இழுத்தால் இழப்பு ஐந்து வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். கம்பிக்குச் செலவு அதிகம்தான். ஆனால் காருக்கு ஐம்பது மீட்டர் தூரம் போகிறதென்றால் 6-க்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவதில்லை. பழைய அலுமினியக் கம்பி ஓடுகிற வீட்டில் இதெல்லாம் பேச்சே இல்லை, முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

சுவரை வெட்டக்கூடாது என்பார்கள். சரிதான், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும் சுண்ணாம்புப் பூச்சில் உளி வைக்க எனக்கும் மனசு வராது. மறுபடி அந்தப் பூச்சுப் பூச ஆள் எங்கே தேடுவது? வீட்டுக்குப் பக்கவாட்டில் சந்து இருந்தால் மண்ணுக்கடியில் யுஜி கேபிளாகக் கொண்டுபோய்விடலாம். பள்ளம் தோண்ட ஒரு நாள், கேபிள் போட்டு மூட ஒரு நாள். பின்கட்டில் தனி டிபி பாக்ஸ் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அதில் சார்ஜருக்குத் தனி எம்சிபி (லோடு மிஞ்சினால் விழும் சுவிட்ச்), தனி ஆர்சிசிபி, முடிந்தால் அங்கேயே ஒரு எர்த் குழி.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்பார்கள். ஸ்கூட்டருக்குச் சின்னதாக ஒன்று போதும், வாங்குங்கள். காருக்கு 5 கேவிஏ வேண்டும். நான் அதற்கு ஓட்டுப் போட மாட்டேன். மெல்லிய கம்பியில் வோல்ட் குறைந்தால் ஸ்டெபிலைசர் இன்னும் அதிக ஆம்ப்ஸ் இழுத்து அதை ஈடுகட்டும், கம்பி இன்னும் சூடாகும். காசு கொடுத்துக் கோளாறை மூடி வைப்பது அது. கம்பி சரியாக இருந்தும் தெருவிலேயே வோல்ட் இல்லையென்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் பதியுங்கள், அதுவரை டைமரை இரவு பதினொன்றுக்கு மேல் வையுங்கள்.

பிளக் சுடுகிறது, வாடை வருகிறது

நிறுத்துங்கள். மெயினை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிகிறதா, பிளக்கின் பித்தளைப் பின் நீலம் பாய்ந்து கறுத்திருக்கிறதா பாருங்கள். மீன் அழுகிய மாதிரி ஒரு வாடை வரும், அது பிளாஸ்டிக் வேகும் வாடை. ஆச்சி ஒருவர் இரண்டு நாள் வீடு முழுக்கச் செத்த எலியைத் தேடியிருக்கிறார்கள்.

15 ஆம்ப்ஸ் சாக்கெட் என்று எழுதியிருந்தாலும் அதில் இதுவரை ஓடியது கெய்சர், அயர்ன் பாக்ஸ். அவை இருபது நிமிடத்தில் வேலை முடித்து ஆறிவிடும். 3.3 கிலோவாட் கார் சார்ஜர் 14, 15 ஆம்ப்ஸை எட்டு ஒன்பது மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்த சாக்கெட் இதைத் தாங்காது. கருகிய சாக்கெட்டை மாற்றும்போது பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால் ஒரு மாதத்தில் அதுவும் கருகும். காருக்கு நான் போடுவது நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். அதற்கு ஏற்ற பிளக் சார்ஜரில் இல்லையென்றால் நல்ல கம்பெனியின் மெட்டல் கிளாட் 16 ஆம்ப்ஸ் சாக்கெட், பின்னால் 4 ஸ்கொயர் கம்பி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. பெரிய பின்னைச் சின்ன ஓட்டைக்கு மாற்றும் கன்வெர்ட்டர் கூடவே கூடாது. கல்யாண வீட்டில் சீரியல் பல்பு போட்டவரிடம் வாங்கிய சுருள் வயர், அதையும் சுருளைப் பிரிக்காமல், ஒரு வீட்டில் பார்த்தேன். சுருளுக்கு நடுவில் கை வைக்க முடியவில்லை.

ஸ்கூட்டர் சார்ஜர் 750 வாட்ஸ் அளவுதான், மூன்றரை ஆம்ப்ஸ் இழுக்கும். எர்த் உள்ள நல்ல 5 ஆம்ப்ஸ் சாக்கெட் அதற்குப் போதும். சார்ஜர் பெட்டி சுடுகிறது என்றால் அது இயல்பு. அதன் மேல் துண்டைப் போட்டு மூடுவதும் சீட்டுக்கடியில் வைத்து மூடுவதும்தான் தவறு.

எம்சிபி விழுகிறது

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். சோதனைப் பொத்தான் உள்ள ஆர்சிசிபி விழுந்தால் கரண்ட் எங்கோ கசிகிறது. 30 மில்லி ஆம்ப்ஸ் கசிந்தாலே அது விழும். வீட்டுக்கே ஒரே ஆர்சிசிபி என்றால் பழைய ஃபிரிட்ஜ் கொஞ்சம், வாஷிங் மெஷின் கொஞ்சம் என்று ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும், சார்ஜர் சேர்ந்ததும் எல்லை தாண்டிவிடும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சார்ஜரை மட்டும் போட்டுப் பாருங்கள். ஆர்சிசிபி விழாமல் இருந்தால் சார்ஜருக்குத் தனி ஆர்சிசிபி போடுங்கள், ஏ டைப் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கொடுப்பது ஏசி டைப். வண்டி சார்ஜருக்கு அது பொருந்தாது. அதன் பிறகும் விழுந்தால் கன்னில் (வண்டியில் செருகும் கேபிள் முனை) ஈரமா, கேபிளை அணில் கடித்திருக்கிறதா பாருங்கள். கொட்டகையில் நிற்கிற வண்டிக்கு அணிலும் எலியும் பாதி எதிரி.

சோதனைப் பொத்தான் இல்லாத சாதா எம்சிபி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு விழுந்தால் அது சூட்டில் விழுகிறது. 15 ஆம்ப்ஸ் தொடர்ந்து ஓடுகிற லைனில் 16 ஆம்ப்ஸ் எம்சிபி விளிம்பில் நிற்கிறது. கம்பி 4 ஸ்கொயராக இருந்தால் 20-க்கு மாற்றலாம். கம்பியைப் பார்க்காமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால் அடுத்து எரியப்போவது கம்பி.

இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டு நின்றால் சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டியிருக்கிறீர்கள். நேர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

80 சதவீதம் வரை ஓடி வருகிறது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது

கோளாறு இல்லை. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது கழுத்துக்கு வந்ததும் குழாயைக் குறைப்பீர்கள் அல்லவா, பேட்டரியும் அதைத்தான் செய்கிறது. வேகச் சார்ஜரில் இது நன்றாகத் தெரியும். பயணத்தில் 80-ல் பிடுங்கிக்கொண்டு கிளம்புவதுதான் லாபம். பின்னால் இன்னொருவர் காத்திருப்பார்.

கத்திரி வெயிலில் 50-லேயே மந்தமாகிவிட்டால் பேட்டரி சூடு. புதுக்கோட்டை ரோட்டில் மத்தியானம் விரட்டி வந்து இறங்கியதும் செருகாதீர்கள். பேட்டரி செல் 45 டிகிரி பக்கம் போனால் வண்டியே வேகத்தைக் குறைக்கும் அல்லது சார்ஜை மறுக்கும். அரை மணி நேரம் நிழலில் விட்டுப் போடுங்கள்.

ரேஞ்ச் குறைந்துவிட்டது

எதை ஒப்பிட்டு? விளம்பரத்தில் சொன்னதை ஒப்பிட்டு என்றால் அந்த எண் ஆய்வகத்தில் எடுத்தது. கால் பங்கு கழித்துவிட்டு மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். போன வருடம் இதே வண்டி இதே சாலையில் போனதை ஒப்பிட்டு என்றால் பேசலாம்.

டயர் காற்று. பாதிப் புகார் இதில் முடியும். அடுத்தது வேகம்: 80-ல் போவதைவிட 100-ல் போகும்போது காற்றுத் தடை ஒன்றரை மடங்கு ஆகிறது. காரைக்குடியிலிருந்து திருச்சி 90 கிலோமீட்டர் சொச்சம். புதுச் சாலை வந்ததிலிருந்து எல்லோரும் மிதிக்கிறார்கள், பிறகு பேட்டரியைக் குறை சொல்கிறார்கள். ஸ்கூட்டரில் வீட்டுக்காரம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று போய்விட்டு வந்தால் தனியாகப் போன கணக்கு வராது.

பேட்டரி எண் திடீரென்று குதித்தால், 22 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது 9-க்கு விழுந்தால், வேறு விஷயம். உள்ளே உள்ள செல்கள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை, அல்லது வண்டியின் கணக்கு பிசகிவிட்டது. வீட்டுச் சார்ஜரில் மெதுவாக 100 வரை ஏற்றி, நிறைந்த பிறகும் ஒரு மணி நேரம் செருகியே வையுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தும் குதித்தால் வாரண்டியைக் காட்டிப் பேசும் நேரம். லித்தியம் பேட்டரியில் எல்எஃப்பி, என்எம்சி என்று இரண்டு வகை உண்டு. எல்எஃப்பி பேட்டரி உள்ள வண்டியை வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றச் சொல்வார்கள், என்எம்சி என்றால் தினசரிக்கு 80 போதும். உங்களுடையது எது என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

காலையில் நிறைந்த வண்டியை எடுத்ததும் ஆக்சிலேட்டரை விட்டால் வழக்கமாக இழுத்துப் பிடிக்கிற பிடிப்பு இல்லை என்று பயப்படுவார்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது பிரேக்கில் வரும் கரண்டை வைக்க இடமில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் திரும்ப வந்துவிடும்.

கரண்ட் பில் எகிறிவிட்டது

ஸ்கூட்டர் காரணமாக இருக்காது. தினம் 30 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதப் பில்லுக்கு 60 யூனிட் பக்கம்தான். கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரும், சார்ஜரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்து.

அதிர்ச்சி எங்கே வருகிறது என்றால் 500-ல். 2025 கட்டணப்படி சொல்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டிவிட்டால் 101-லிருந்து 200 வரைக்கான மலிவு விலை போய்விடும், அதற்கும் அடுத்த படி விலையைப் போடுவார்கள். மேலே உள்ள யூனிட்டுக்கும் விலை கூடும். 490-க்கும் 510-க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இருபது யூனிட் இல்லை என்று பில் வந்த பிறகுதான் தெரியும். ரீடிங் எடுக்கும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு நடுவில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள்.

வீட்டுக் கனெக்‌ஷனில் சார்ஜ் போட அனுமதி வேண்டுமா என்று கேட்கிறார்கள். இருக்கிற கனெக்‌ஷனிலேயே சொந்த வண்டிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆனால் உங்கள் சர்வீஸுக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று ஈபி கார்டில் பாருங்கள். பழைய வீடுகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கிவிட்டு லோடு கூட்ட அலைவதைவிட, லோடு கூட்டிவிட்டுச் சார்ஜர் வாங்குங்கள்.

சார்ஜிங் ஸ்டேஷனில் கன் வேலை செய்யவில்லை / கன் வெளியே வரவில்லை

திரை இருட்டாக இருந்தால் பெட்டியின் பக்கத்தில் சிவப்புக் காளான் மாதிரி எமர்ஜென்சி பொத்தான் இருக்கும். யாராவது பிள்ளைகள் அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் வெளியே வரும், ஒரு நிமிடத்தில் பெட்டி உயிர்பெறும். திரை எரிந்தும் தொடங்காவிட்டால் ஆப்பில் செஷனை நிறுத்தி, கன்னைப் பிடுங்கி, காரைப் பூட்டித் திறந்து, கன்னைக் கையால் தூக்கிப் பிடித்து 'டக்' சத்தம் வரும் வரை அழுத்துங்கள். கேபிளின் கனம் கன்னைக் கீழே இழுப்பதால்தான் பல தடவை காருக்கும் பெட்டிக்கும் தொடர்பு ஒட்டுவதில்லை. ஆப்பின் வாலட்டில் காசை வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஓடிபிக்காக வெயிலில் நிற்பது கொடுமை.

கன் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். செஷன் முடிந்ததா பார்த்து, சாவியில் பூட்டு, திற, பூட்டு, திற. அப்படியும் விடாவிட்டால் பல கார்களில் டிக்கியின் உள்பக்கமோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு சின்னக் கயிறு இருக்கும், அதை இழுத்தால் பூட்டு விடும். எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே வண்டிப் புத்தகத்தில் பார்த்துவிடுங்கள்.

மழை, புகை, சத்தம்

மழையில் வண்டியும் கன்னும் தாங்கும். தாங்காதது உங்கள் சாக்கெட். ஓட்டிலிருந்து ஒழுகுகிற கொட்டகையில் சாக்கெட்டை மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள். ஊரணி நிரம்பி ரோட்டில் தண்ணீர் நின்று, வண்டி சீட் வரை மூழ்கியிருந்தால் காய்ந்த பிறகும் சார்ஜ் போடாதீர்கள், சர்வீஸ் ஆள் பார்க்கட்டும்.

'டக்' என்று ஒரு சத்தம், நிறுத்திய பிறகும் ஓடுகிற ஃபேன், இரண்டும் இயல்பு.

பேட்டரியிலிருந்து 'புஸ்' என்று சத்தம், இனிப்பான கெமிக்கல் வாடை, வெள்ளைப் புகை, எது வந்தாலும் மெயினை அணைத்துவிட்டு ஆட்களை வெளியேற்றி 101-க்கோ 112-க்கோ போன் போடுங்கள். வண்டியைக் காப்பாற்றப் பக்கத்தில் போகாதீர்கள். இதற்காகவே சொல்கிறேன், ஸ்கூட்டரை வளவுக்குள் ஏற்றி பர்மா தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள், 2022-ல் பல வண்டிகள் தீப்பிடித்த பிறகு பேட்டரி விதிகளைக் கடுமையாக்கினார்கள் என்பதை நினைவில் வைத்து, 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரித்ததாகப் பாருங்கள்.

பூட்டிய வீட்டில் நின்ற வண்டி எழுந்திருக்கவில்லை

இது நம் ஊருக்கே உரிய வியாதி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு, கொட்டகையில் விட்டுப் போய்விடுவார்கள். மூன்று மாதம் கழித்து வந்து சாவியை அமுக்கினால் கதவே திறக்காது. "இருபது லட்சம் போட்டு வாங்கின வண்டிப்பா, கட்டை மாதிரி கிடக்கு" என்று ஆச்சி போனில் அழாத குறை.

"ஆச்சி, பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கும். சின்னது செத்திருக்கும்" என்றேன்.

மின்சாரக் காரிலும் மற்ற காரில் உள்ள மாதிரி ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. கதவு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்ச் எல்லாம் அதில்தான் ஓடும். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. சாவிப் பெட்டிக்குள் மெல்லிய இரும்புச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும். அதை உருவி, டிரைவர் பக்கக் கைப்பிடியில் உள்ள ஓட்டையில் திறக்கலாம். உள்ளே இருக்கும் நெம்பை இழுத்து பானெட்டைத் தூக்கி, 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜர் போட்டால் வண்டி எழுந்துவிடும். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள், அது பெரிய பேட்டரியின் லைன். அடிக்கடி செத்தால் 12 வோல்ட் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான், விலை சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

ஸ்கூட்டர் கதை இதைவிட மோசம். பூஜ்யத்தில் விட்டுப் போனால் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கி, ஒரு கட்டத்தில் பாதுகாப்பு சர்க்யூட் அதைப் பூட்டிவிடும். பிறகு எந்தச் சார்ஜரும் ஏற்காது. நிறைத்து வைத்துவிட்டுப் போவதும் நல்லதில்லை, கோடைச் சூட்டில் நிறைந்த பேட்டரி சீக்கிரம் கிழடாகும். பாதிக்குக் கொஞ்சம் மேலே, 50, 60-ல் வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள், குறைந்திருந்தால் ஒரு மணி நேரம் போட்டால் போதும்.

அந்த ஆச்சி வீட்டில் இப்போது ஒவ்வொரு தடவையும் ஊருக்குக் கிளம்பும் முன் என்னைக் கூப்பிடுகிறார்கள். 12 வோல்ட்டின் மைனஸ் முனையை 10 நம்பர் ஸ்பேனரால் கழற்றி, துணி சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, பானெட்டை மூடி, இரும்புச் சாவியால் கதவைப் பூட்டுகிறேன். சாவி சாமி அறையில் குத்துவிளக்குக்குப் பின்னால் தொங்குகிறது.